முதுகை மட்டும் கழுவாதே!

கேள்வி: இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதி நிலக்கரிச் சுரங்க ஊர்களைப் பற்றி அடிக்கடி சொல்கிறீர்கள். ஆண்கள் எல்லோரும் சுரங்கத்துக்குப் போய்விட்ட பிறகு வீட்டில் அம்மாவுக்கு என்ன வேலை இருந்திருக்கும்?
வாசகி, திண்டுக்கல்

பதில்: "எல்லோரும் போய்விட்ட பிறகு" என்கிறீர்களே, அப்படி ஒரு நேரம் அந்த அம்மாவுக்கு வாய்க்கவே இல்லை. அப்பாவுக்கு ஒரு ஷிப்ட், பெரியவனுக்கு இன்னொன்று, சின்னவனுக்கு வேறொன்று. ஒருவன் கிளம்பும்போது ஒருவன் கரி அப்பிய முகத்தோடு வாசலில் நிற்பான், ஒருவன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். 1908-ல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை ஒட்டி 1910-ல் டர்ஹாமில் மூன்று ஷிப்ட் முறை புகுந்தது. பையன்களுக்கு வேலை நேரம் குறைந்தது, அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. அந்த முறையை எதிர்த்துப் பல ஊர்களில் வேலைநிறுத்தமே நடந்தது.

நியூகாசிலில் மகன் வீட்டில் தங்கியிருந்த வருஷம், பக்கத்திலுள்ள பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு நாலைந்து தடவை போனேன். டிக்கெட் எடுத்துக் கொடுத்தே மருமகள் சலித்துப்போனாள். ஹெட்டன்-லி-ஹோல் என்ற ஊரில் 1860-களில் கட்டிய சுரங்கத் தொழிலாளர் வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் பெரிய இரும்பு அடுப்பு. நடுவில் கரி நெருப்பு, ஒரு பக்கம் ரொட்டி சுடும் அறை, மறுபக்கம் வெந்நீர்த் தொட்டி. அந்த நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்வதே ஒரு தனி உத்தியோகம். பகலில் அலமாரிபோல் மடங்கி நிற்கும் கட்டில். பிள்ளைகளுக்கு ஏணி வைத்து ஏறும் பரண். அந்த நாளில் வாசலில் சிலேட்டும் இருக்கும். எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று அதில் எழுதி வைத்தால், எழுப்புகிறவர் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போவார்.

இனி குளியல். அடுப்பு முன்னால் தகரத்தொட்டியைப் போட்டு வெந்நீர் ஊற்ற வேண்டும். பல ஊர்களில் தண்ணீர் தெருக்குழாயில் பிடித்துச் சுமந்து வந்தது. சுரங்கத்திலிருந்து வந்தவன் குளித்து முடித்ததும் அழுக்குத் தண்ணீரை வெளியே கொட்ட வேண்டும். அப்புறம் அவன் கழற்றிப்போட்ட உடுப்பை எடுத்துப்போய் வெளிச்சுவரில் படார் படாரென்று அறைய வேண்டும். கரித்தூள் புகைபோலப் பறக்கும். ஈர உடுப்பென்றால் நெருப்பருகே காயப்போட வேண்டும். வீட்டில் நாலு பேர் சுரங்கத்துக்குப் போகிறார்கள் என்றால் இதெல்லாம் தினம் நாலு தடவை. திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள் வேறு. பின்சந்தின் குறுக்கே கொடி கட்டி வெள்ளைத்துணி உலர்த்தியிருக்கும் நேரம் பார்த்துக் கரிவண்டி வந்தால் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை!

கேள்வி: சுரங்கத் தொழிலாளர்கள் முதுகைக் கழுவவே மாட்டார்கள் என்று படித்தேன். நிஜமா?
வாசகர், தென்காசி

பதில்: நிஜம்தான். முதுகில் தண்ணீர் பட்டால் தண்டுவடம் பலம் இழந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். குனிந்தே வேலை செய்கிறவனுக்கு முதுகுதானே முதல்! மனைவி உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் போதும். சுரங்க வாசலிலேயே குளியலறை கட்டலாம் என்ற பேச்சு வந்தபோதும் முணுமுணுப்பு இருந்தது. சளி பிடிக்கும், அடுத்தவன் முன்னால் எப்படி உடுப்பைக் கழற்றுவது என்றெல்லாம். 1919-ல் நிலக்கரித் தொழிலைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த சாங்கி ஆணையத்தின் முன் தெற்கு வேல்ஸைச் சேர்ந்த எலிசபெத் ஆண்ட்ரூஸ் போன்ற பெண்கள் நேரில் போய்ச் சாட்சி சொன்னார்கள். வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கித் தூக்கிப் பெண்கள் உடம்பு கெடுகிறது, குளியலறை கட்டிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். 1926-க்குப் பிறகுதான், அதற்கென்றே தனி வரி வசூலித்து, குளியலறைகள் பரவலாக எழும்பின. அந்தப் பெண்கள் போகாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருஷம் தள்ளிப்போயிருக்குமோ.

கேள்வி: கம்பெனி வீடு இலவசம், கரியும் இலவசம் என்கிறார்கள். கொடுத்துவைத்தவர்கள்தானே?
வாசகர், நாகர்கோவில்

பதில்: கரியை வண்டியில் கொண்டுவந்து வீட்டுப் பக்கம் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதை மண்வாரியால் அள்ளி உள்ளே சேர்ப்பது யார் என்கிறீர்கள்?

வீடு இன்னும் மோசம். வேலை இருக்கும்வரைதான் வீடு. 1844 வேலைநிறுத்தத்தின்போது குடும்பம் குடும்பமாகச் சாமான்களோடு வெளியே தள்ளினார்கள். வயதாகி வேலையை விட்டாலும் காலி செய்ய வேண்டும். அதனால்தான் ஜோசப் ஹாப்பர் என்ற சுரங்கத் தொழிலாளி முன்னின்று, 1898-ல் முதிய தொழிலாளர்களுக்கு வீடு கொடுக்க ஒரு சங்கம் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்தே பணம் கொடுத்தார்கள்.

1909 பிப்ரவரியில் பீமிஷுக்கு அருகே, வெஸ்ட் ஸ்டான்லி சுரங்க வெடிவிபத்தில் 168 பேர் செத்தார்கள். அப்படிப் புருஷனை இழந்தவள் வீட்டை விடாமல் இருக்க முக்கியமான வழி, மகன் ஒருவன் அதே சுரங்கத்தில் வேலை பார்ப்பது. அப்பாவை விழுங்கிய குழியில் பையனை இறக்க எந்த அம்மாவுக்கு மனசு வரும்? ஆனாலும் இறக்கினார்கள்.

கேள்வி: அந்த ஊர் 'ஸ்டாட்டி' ரொட்டியை நாமும் செய்யலாமா?
வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாக. மைதா, ஈஸ்ட், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. தட்டையான வட்டமாகத் தட்டி, ஓவனின் அடித்தட்டில் வைத்துச் சுட வேண்டும். ஆனால் மென்று சாப்பிடப் பல் வேண்டும். எனக்கு அது இப்போது கொஞ்சம் குறைச்சல்.