பசையில் இருப்பது கழுதைத் தோல்தானா?

கேள்வி: சீன மரபு மருத்துவத்தில் எஜியாவ் என்பது கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை என்று படித்தேன். காய்ச்சி உறைந்த பின், அது மாட்டுத் தோலா கழுதைத் தோலா என்று அறிய முடியுமா? டி.என்.ஏ. சோதனை போதாதா?

பதில்: அறிய முடியும், ஆனால் டி.என்.ஏ. சோதனையை மட்டும் நம்ப முடியாது. நெடுநேரம் கொதிக்கும்போது டி.என்.ஏ. சிறு துண்டுகளாகச் சிதைந்துவிடுவதால், அந்தச் சோதனை பல வேளைகளில் பலன் தருவதில்லை. தோலின் முக்கியப் புரதமான கொலாஜனும் கொதியில் சிதைகிறது; ஆயினும் புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்களின் வரிசை நீண்ட துண்டுகளாக எஞ்சி நிற்கிறது. பசையைக் கரைத்து டிரிப்சின் நொதியைச் சேர்த்தால், லைசின், ஆர்ஜினின் ஆகிய அமினோ அமிலங்களை அடுத்துள்ள இடங்களில் மட்டும் அது சங்கிலியை வெட்டும். அவ்வாறு கிடைக்கும் பெப்டைடுகள் எனும் சிறு புரதத் துண்டுகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற நிறை அளவிடும் கருவியில் செலுத்தி, அவற்றின் நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தை அளக்கிறார்கள். மருந்துகளின் தரத்தை வகுக்கும் அதிகாரபூர்வ சீன மருந்தியல் நூலின் 2015 பதிப்பு, 539.8 என்ற விகிதம் கொண்ட அயனியை (மின்னூட்டம் பெற்ற பெப்டைடை) உடைக்கும்போது 612.4, 923.8 ஆகிய துணுக்குகள் தோன்ற வேண்டும் என்று எஜியாவுக்கு அடையாளம் வகுத்திருந்தது.

எல்லா விலங்குகளின் கொலாஜனிலும் மூன்றில் ஒரு இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலமே இருப்பதால், மொத்தப் புரத அளவோ அமினோ அமில விகிதமோ எந்த விலங்கு என்பதைக் காட்டாது. மாட்டையும் பன்றியையும் பிரித்தறிவது ஓரளவு எளிது. கழுதையின் நெருங்கிய உறவான குதிரையோடு வேறுபாடு சில அமினோ அமிலங்களே என்பதால், அங்கேதான் ஆய்வாளரின் திறமை சோதிக்கப்படுகிறது. புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஓர் ஆக்சிஜன் அணு கூடினாலே நிறை 16 அலகு உயர்ந்துவிடும். அதையும் கணக்கில் கொள்ளாதவர் தவறான முடிவுக்கு வருவார்.

கேள்வி: கழுதைப் பெப்டைடு கிடைத்தால் கலப்படமில்லை என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. கழுதைத் தோலோடு மாட்டுத் தோலைச் சேர்த்துக் காய்ச்சினாலும் கழுதைப் பெப்டைடு தென்படும். ஆகவே பிற விலங்குகளின் பெப்டைடுகளையும் தனியாகத் தேட வேண்டும். கழுதைக்குரியது எவ்வளவு இருக்கிறது என்றும் அளக்க வேண்டும். கோவேறு கழுதையின் தோலில் கழுதை, குதிரை இரண்டின் கொலாஜனும் இருப்பதால், அதை இரு தோல்களின் கலவையிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். 2024-இல் ஆப்பிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதைகளைக் கொல்வதற்குத் தடை விதிக்க முடிவு செய்த பின், தோல் கிடைப்பது அரிதாக ஆக, கலப்படம் செய்யும் ஆசையும் கூடும் என்றே கருதுகிறேன். எனவே ஆய்வறிக்கையைக் கையில் வாங்குபவர், எந்தெந்த விலங்குகள் தேடப்பட்டன என்பதையே முதலில் கேட்க வேண்டும்.