வாசகர் கேள்வி – பதில்: ஆன்ஷூட்ஸ் ரைபிள்

துப்பாக்கி சுடும் போட்டிகளில் ஆன்ஷூட்ஸ் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. யார் இவர்கள்? — வாசகர், தஞ்சாவூர்

ஒரு ஜெர்மன் குடும்பம். 1856-ல் துரிங்கியா பகுதியின் மெஹ்லிஸ் என்ற ஊரில் யூலியுஸ் காட்ஃப்ரீட் ஆன்ஷூட்ஸ் தொடங்கிய பட்டறை இது. அவருக்குப் பின் மகன்கள் ஃபிரிட்ஸும் ஓட்டோவும் நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பகுதி சோவியத் கைக்குப் போனது. தொழிற்சாலையும் கைவிட்டுப் போனது. மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த ரூடால்ஃபும் மாக்ஸும் 1950-ல் உல்ம் நகருக்கு வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அடுத்து டீட்டர், அவருக்குப் பின் யோகன் என ஐந்து தலைமுறை.

இவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது '54' என்ற ஆக்‌ஷன். தோட்டாவை உள்ளே பூட்டிச் சுடவைக்கும் போல்ட் பகுதியைத்தான் ஆக்‌ஷன் என்கிறோம். இதன் பெயரிலேயே அது பிறந்த 1954-ம் ஆண்டு இருக்கிறது. 1413, 1813, 1913 என்று மாடல் எண்கள் மாறின. தோளில் அணைத்துப் பிடிக்கும் உடல் பகுதியான ஸ்டாக் மரத்திலிருந்து அலுமினியத்துக்குப் போனது. உள்ளே இருக்கும் ஆக்‌ஷனின் அடிப்படை மாறவே இல்லை. அதனால்தான் நாற்பது வயது ரைபிளைக்கூட இன்று தைரியமாக வாங்க முடிகிறது. காலாண்டுக்கு ஒரு புது வடிவம் தேடும் கம்பெனியிடம் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

மகளுக்காகப் பழைய ஆன்ஷூட்ஸ் 1907 மாடல் ஒன்று வாங்கினோம். 50 மீட்டரில் குரூப் (அடுத்தடுத்துச் சுட்டவை இலக்கில் விழும் கூட்டம்) ஒரே சீராக விழவில்லை. ஒரு நாள் நன்றாக வருகிறது, மறுநாள் சிதறுகிறது. பேரல் (குழல்) போய்விட்டதா? — வாசகர், கோயம்புத்தூர்

பேரலைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். .22 அங்குல அளவுப் பேரலில் ஓடுவது மெழுகு பூசிய மென்மையான ஈயம். நன்றாகப் பராமரித்த பேரல் பல்லாயிரம் சுடுகளைத் தாங்கும்.

முதலில் தோட்டா. ஒரே கம்பெனி, ஒரே பெயர் என்றாலும் லாட் எண் (ஒரே தொகுதியாகத் தயாரித்ததைக் குறிக்கும் எண்) மாறினால் உங்கள் பேரலுக்கு அது வேறு தோட்டா. ஈலி கம்பெனியின் தோட்டாப் பெட்டி ஓரத்தில் லாட் எண்ணோடு அந்த லாட்டின் வேகமும் அச்சிட்டிருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். ரைபிளை ஸ்டாண்டில் இறுக்கி, ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்தாக நான்கு குரூப் சுடுங்கள். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். நான்கு குரூப்பும் அதற்குள் அடங்கினால் அந்த லாட்டிலேயே முடிந்தவரை மொத்தமாக வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு குரூப் மட்டும் அழகாக வந்தால் அதை நம்ப வேண்டாம். கம்பெனி மாற்றிச் சோதிக்கும்போது முதல் பத்துப் பதினைந்து சுடுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்; பழைய மெழுகு போய்ப் புது மெழுகு படிய அத்தனை தேவை.

வெயில் காலத்தில் தோட்டாப் பெட்டியைக் காரில் விடாதீர்கள். சூட்டில் மருந்தின் வேகம் கூடும். போட்டிக்கான மேட்ச் தோட்டா ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே, நொடிக்கு 320–330 மீட்டரில் போகும்படி செய்யப்பட்டிருக்கிறது. வேகம் ஒன்றுக்கொன்று மாறினால் குரூப் மேலும் கீழுமாக இழுபடும்.

இரண்டாவது, ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு பிணைக்கும் இரண்டு திருகுகள். உங்களுடையது மர ஸ்டாக் என்றால் மழைக்காலத்தில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும். திருகின் பிடி மாறும். 'ஒரு நாள் நன்றாக, மறுநாள் மோசமாக' என்பதற்கு இதுதான் வழக்கமான காரணம். கைத்திறனை நம்பாமல், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். 4 நியூட்டன் மீட்டரில் தொடங்கி, அரை அரையாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் குரூப் சுட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்தை ஒட்டி ஓரிடத்தில் குரூப் இறுகும். அந்த எண்ணை ரைபிள் பெட்டிக்குள் எழுதி ஒட்டிவிடுங்கள். கையேட்டில் கொடுத்திருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம்.

மூன்றாவது, சிதறல் எந்தத் திசையில் என்று பாருங்கள். மேலும் கீழும் மட்டும் நீண்டால், மேலே சொன்ன வேக மாற்றத்தோடு தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னின் ஸ்பிரிங்கையும் பாருங்கள். பழைய ரைபிளில் அது தளர்ந்திருக்கும். சுட்ட தோட்டாவின் விளிம்பில் பின் பதிந்த தடம் ஆழமில்லாமலோ, ஒன்றுக்கொன்று மாறியோ இருக்கும். ஸ்பிரிங்கின் விலை குறைவு. மாற்றிவிடுங்கள். இடமும் வலமுமாகப் பரவினால் அது பெரும்பாலும் காற்று. பக்கவாட்டில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகக் காற்று 50 மீட்டரில் தோட்டாவை ஏறத்தாழ 5, 6 மில்லிமீட்டர் தள்ளும். பத்தின் பாதி அகலம் அதிலேயே போய்விடுகிறது.

நான்காவது, தோட்டா அமரும் சேம்பருக்கு முன்னால் முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டர். தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமர் மருந்தில் உள்ள கண்ணாடித் தூளும் கரியும் சேர்ந்து அங்கே வளையமாக இறுகிப் படியும். சுத்தம் செய்யும் ஒற்றைத் துண்டு ராடும், அதை நேராகச் செலுத்தும் ராட் கைடும் வைத்து, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மட்டும் ஃபெல்ட் துண்டுகளைத் தள்ளுங்கள். முன்வாயிலிருந்து ராடை விட்டால் பேரலின் விளிம்பு சிதையும். அதன்பின் எந்தத் தோட்டாவும் அந்த ரைபிளைக் காப்பாற்றாது. சுத்தம் செய்த பிறகு ஐந்தாறு சுட்டுவிட்டுத்தான் குறிபார்க்கும் சைட்டைத் தொட வேண்டும்.

இன்னொன்று. இந்த ரைபிள்களின் சேம்பர் மிக நெருக்கமானது. போல்ட்டை மூடும்போது லேசான எதிர்ப்பு தெரியும், ஈயம் பேரலின் வரிகளில் பதிகிறது. சுடாத தோட்டாவை வெளியே எடுத்தால் சில நேரம் ஈயம் உள்ளேயே நின்று, பித்தளைக் கூடு மட்டும் வரும். மருந்துத் தூள் உள்ளே கொட்டியிருந்தால் மகளை நிறுத்தச் சொல்லி ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள். இன்னொரு தோட்டாவை மேலே போட்டுத் தள்ளவே கூடாது.

பனிச்சறுக்கிக்கொண்டே சுடும் பயத்லான் வீரர்கள் வைத்திருப்பதும் இதே ரைபிளா? — வாசகர், பெங்களூரு

குடும்பம் ஒன்று, ஆக்‌ஷன் வேறு. அவர்கள் தோளில் சுமப்பது பெரும்பாலும் 1827 ஃபோர்ட்னர் மாடல். பவேரியாவைச் சேர்ந்த பீட்டர் ஃபோர்ட்னர் உருவாக்கிய நேர் இழுப்பு போல்ட் அதில் இருக்கிறது. சாதாரண போல்ட்டை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னே தள்ளி, கீழே மடக்க வேண்டும். இதில் ஆள்காட்டி விரலால் பின்னுக்கு இழுத்துக் கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளினால் போதும். போல்ட்டில் உள்ள சிறு எஃகு உருண்டைகள் வெளியே தள்ளிப் பூட்டிக்கொள்கின்றன. கை பிடியை விட்டு விலகுவதே இல்லை. மூச்சிரைக்க வந்து நின்று ஐந்து இலக்குகளைச் சுட வேண்டியவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

1970-களின் பிற்பகுதிவரை பயத்லானில் பெரிய ரக ரைபிள்கள்தான் இருந்தன. .22-க்கு மாறிய பிறகு நடந்த முதல் ஒலிம்பிக் 1980 லேக் பிளாசிட். தூரம் 50 மீட்டர். படுத்துச் சுடும்போது இலக்கு 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. ரைபிள் 3.5 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒலிம்பிக்கில் 8 தங்கம் உட்பட 13 பதக்கங்கள் வென்ற நார்வேயின் ஓலே ஐனார் பியோர்ண்டாலன் சுட்டது ஆன்ஷூட்ஸில்தான். பனியில் கெட்டுப்போவது துல்லியமல்ல, அசைவு. போல்ட்டில் எண்ணெய் அதிகமானால் கடுங்குளிரில் அது கெட்டியாகி, பின் அடிக்கும் வேகத்தைக் கெடுக்கும். சைட்டுகளுக்கு மூடிகள் இருப்பதும் பனி புகாமலிருக்கத்தான்.

டிரிக்கரை எவ்வளவு லேசாக வைக்கலாம்? — வாசகர், மதுரை

டிரிக்கரை இழுக்கத் தேவையான விசையைத்தான் எடை என்கிறோம். 50 மீட்டர் ரைபிளுக்குக் குறைந்தபட்ச டிரிக்கர் எடை விதி கிடையாது. பயத்லானில் 500 கிராம் கட்டாயம். மேட்ச் ரைபிளில் 100 கிராமை ஒட்டி வைப்பவர்கள் அதிகம். புதிதாக வருபவர் அதைவிடக் கூட்டியே வைக்க வேண்டும் என்பேன். இரண்டு நிலை டிரிக்கரில் (முதலில் ஓரிடம்வரை நகர்ந்து நின்று, மேலும் அழுத்தினால் விடுபடுவது) எடையின் பெரும்பங்கு முதல் நிலையில் இருக்கட்டும். விரல் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

2008 பெய்ஜிங்கில் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் படுத்து, நின்று, மண்டியிட்டுச் சுடும் மூன்று நிலைப் போட்டியின் கடைசிச் சுடுக்கு 3.3 புள்ளி முன்னிலையோடு வந்தார். 6.7 எடுத்தாலே தங்கம். இலக்கின் மையத்துக்கு ரைபிளை இறக்கிக்கொண்டிருக்கும்போதே விரல் பட்டுவிட்டது. 4.4. நான்காம் இடம். அப்பேர்ப்பட்ட கைக்கே அது நேர்ந்தது.

எடையைக் குறைத்த பிறகு ஒரு சோதனை கட்டாயம். காலி ரைபிளில் போல்ட்டைப் பத்து முறை வேகமாக மூடுங்கள். ஸ்டாக்கை உள்ளங்கையால் தட்டுங்கள். ஒரு தடவை தானாக விடுபட்டாலும் பிடிப்பு போதவில்லை என்று அர்த்தம். திரும்பக் கூட்டுங்கள்.

பையன் இப்போதுதான் பழகுகிறான். சாம்பியன்கள் வைத்திருக்கும் மாடலையே வாங்கிவிடலாமா? — வாசகர், சேலம்

வேண்டாம். சாம்பியனை உருவாக்குவது மாடல் அல்ல. இதே எம்மன்ஸின் ரைபிளை 2004 ஒலிம்பிக்குக்கு முன் யாரோ சேதப்படுத்திவிட்டார்கள். ஏதென்ஸில் படுத்துச் சுடும் போட்டியில் அவர் தங்கம் வென்றது இரவல் ரைபிளில்.

பையனுக்கு முதலில் பயன்படுத்திய 10 மீட்டர் ஏர் ரைபிள் ஒன்று பாருங்கள். .177 அளவில், 20 ஜூலுக்குக் குறைந்த சக்தியுள்ள ஏர் ரைபிளுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை; .22-க்குத் தேவை. மாடலைவிட முக்கியம், தோளில் பொருந்தும் பட் பிளேட்டும் கன்னத்தாங்கியும் அவன் உடம்புக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்பது. கழுத்தை வளைக்காமல் கன்னத்தைச் சாய்த்ததும் கண் நேராகச் சைட்டுக்கு வர வேண்டும். மொத்த எடை விதிப்படி 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்றாலும், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் நான்கு கிலோவை ஒட்டி இருந்தால் முதுகுக்கு நல்லது.

விற்பவரிடம் காற்று சிலிண்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயாரித்த தேதி அதன்மேல் பொறித்திருக்கும். பத்து வருடம் கடந்த சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். 200 பார் அழுத்தம் தாங்க வேண்டிய பொருள் அது. காலாவதியாகியிருந்தால் புது சிலிண்டரின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். ரைபிளை நிரப்பி ஓர் இரவு வைத்து, காலையில் மீட்டர் முள் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.