அண்ணாச்சியிடம் கேளுங்கள்: கணக்குப் படித்த பிள்ளைக்கு சுகாதாரத் துறையில் என்ன வேலை?

இந்த மாதம் வந்த கடிதக் கட்டுக்குள் நாலு கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருக்கின்றன, அதுவும் நாலும் நம்ம தாமிரபரணிக்காரர்களிடமிருந்து. அதனால் பட்டா மாறுதல், மாமியார் பஞ்சாயத்து எல்லாம் அடுத்த இதழுக்கு.

அண்ணாச்சிக்கு வணக்கம். என் மகள் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பி.எட். முடித்து டீச்சராகிவிடுவாள் என்று நாங்கள் இருக்க, திடீரென்று "பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கப் போறேன், பப்ளிக் ஹெல்த்துல வேலை பார்ப்பேன்" என்கிறாள். பிளஸ் டூவில் பயாலஜியே எடுக்காதவள். ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுவாள். இது சரிப்பட்டு வருமா? எங்கே சேர்ப்பது?
*ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி*

ரத்தத்தைப் பார்க்கவே வேண்டாம் தங்கச்சி, அந்தக் கவலையை முதலில் இறக்கி வையுங்கள். பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்றால் நோய், மருந்து, மக்கள் உடல்நலம் பற்றிய எண்களை அலசுகிற புள்ளியியல். இந்தப் படிப்புக்காரர்கள் பார்ப்பது பதிவேட்டை.

என்ன வேலை என்று ஒரு உதாரணம் சொன்னால் வீட்டில் விளங்கவைக்க உங்களுக்கும் லேசாக இருக்கும். 1950களில் காசநோய் வந்தால் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும், படுக்கையோ எல்லாருக்கும் கிடைக்காது. 1956-ல் சென்னையில் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். ஒரே மருந்து, ஒரு பாதிப் பேருக்கு சானடோரியத்தில், மறுபாதிக்கு அவரவர் வீட்டில், அந்த இடுக்கமான வீடுகளிலேயே. யார் எங்கே என்பதை டாக்டர் தீர்மானிக்கக் கூடாது, திருவுளச்சீட்டு மாதிரி விழ வேண்டும். டாக்டர் கையில் விட்டால் முடியாதவர்களை சானடோரியத்துக்கும் தெம்பானவர்களை வீட்டுக்கும் அனுப்பிவிடுவார், அப்புறம் எது மருந்தின் பலன், எது உடம்பின் தெம்பு என்று பிரிக்கவே முடியாது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள், கூட இருந்த வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் ஒட்டவில்லை. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியம் சானடோரியத்தை விட்டு வெளியே வந்ததற்கு இந்தச் சென்னைக் கணக்கு பெரிய காரணம். அந்தச் சீட்டு எப்படிப் போடுவது, எத்தனை பேர் போதும், வித்தியாசம் நிஜமா தற்செயலா, இதையெல்லாம் சொல்கிறவர்தான் உங்கள் மகள் ஆக நினைக்கிற ஆள்.

சரி, படிப்புக்கு வருவோம். வேலூர் சி.எம்.சி.யில் எம்.எஸ்சி. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் உண்டு, பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்திலும் உண்டு, இரண்டும் இரண்டு வருஷம், இடங்கள் சொற்பம். மும்பை தேவ்னாரில் ஐ.ஐ.பி.எஸ். என்ற மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் 1956-லிருந்து இருக்கிறது, தேசியக் குடும்பநல ஆய்வை நடத்துகிறவர்கள் அவர்கள்தான், அங்கே பயோஸ்டாட்டிஸ்டிக்ஸும் டெமோகிராஃபி என்ற மக்கள்தொகையியலும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். வெளியூர் அனுப்ப மனசில்லை என்றால் நம்ம அபிஷேகப்பட்டியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. புள்ளியியல் சேர்த்துவிட்டு, மருத்துவப் பக்கம் பிறகு திரும்பலாம். நிறையப் பேர் அப்படித்தான் வந்தார்கள், நானும் அந்த வழி வந்தவன்தான். முதலிலேயே பயோ என்று பேர் ஒட்டியிருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் கிடையாது.

இப்போது முக்கியமான சமாச்சாரம். மகளின் மார்க் ஷீட்களை எடுத்து மேசையில் பரப்பி, எந்தெந்தத் தாள் படித்திருக்கிறாள் என்று ஒவ்வொரு செமஸ்டராகப் பாருங்கள். மாணவர் சேர்க்கைக் குழு கேட்பது பட்டத்தின் பேரை விட இதைத்தான்: நுண்கணிதம் இருக்கிறதா, நேரியல் இயற்கணிதம் இருக்கிறதா, நிகழ்தகவும் புள்ளியியலும் எத்தனை தாள். கணிதப் பட்டத்தில் முதல் இரண்டும் கட்டாயம் இருக்கும், மூன்றாவது பெரும்பாலும் அல்லைடு தாளாக, அதாவது துணைப்பாடமாக, ஒளிந்திருக்கும். என் கதையைச் சொல்கிறேன். நான் முதல்முதலில் ஒரு இடத்துக்கு விண்ணப்பித்தபோது (பேர் வேண்டாம்), மார்க் ஷீட்டில் வெறுமனே 'அல்லைடு 2' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து, புள்ளியியல் படிக்காதவன் என்று தள்ளிவிட்டார்கள். அது புள்ளியியல் தாள்தான், படித்துப் பாஸ் பண்ணியதும் நான்தான், ஆனால் நிரூபிக்க என் கையில் ஒன்றுமில்லை, ஒரு வருஷம் போச்சு. ஆகவே கல்லூரியை விட்டு வெளியே வருமுன் பாடத்திட்ட நகலில் முதல்வர் கையெழுத்தும் சீலும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு போய் நின்றால் "பழைய சிலபஸ் குடோனில் கிடக்கு" என்பார்கள்.

பயாலஜி படிக்காததைப் பற்றிக் கவலையே வேண்டாம். வேண்டிய அளவு உடற்கூறும் நோயியலும் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். கணக்கு தெரியாமல் வருகிறவர்கள்தான் திணறுவார்கள்.

ஆனால் ஒன்று. எல்லாம் ஏசி அறையில் கணினி முன்னால் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தால் இதையும் காட்டுங்கள். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் ஒரு கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். ஒரு ஆச்சி, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, கையை நிறுத்தாமல், "வயசா, அம்பது இருக்கும், போட்டுக்கோ" என்றாள். பக்கத்து வீட்டு ஆச்சியும் அம்பது. எதிர்வீடு அறுபது, முதியோர் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்த வயசு அதுதானாம். சாயந்தரம் தாள்களை அடுக்கினால் 45, 50, 55, 60 எல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன, 49, 51 ஊரிலேயே ஆளில்லை. இதை அளக்க விப்பிள் குறியீடு என்று ஒன்று இருக்கிறது: 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5-ல் முடிகிற வயதுக்காரர்களை எண்ணி ஐந்தால் பெருக்கி, மொத்தத்துக்கு எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. ஊர் உண்மையான வயதைச் சொன்னால் 100 வரும். எல்லாருமே ரவுண்டாகச் சொன்னால் 500. அன்றைக்கு வந்த எண்ணைப் பார்த்து, கணக்கெடுப்பை நடத்திய எங்கள் மேடம் சிரித்தே விட்டார். கணினிக்கு இதெல்லாம் தெரியாது, அது கொடுத்த 50-ஐ 50 என்றே எடுத்துக்கொள்ளும். இது உங்கள் மகளுக்குச் சுவாரசியமாகப் பட்டால் தாராளமாக அனுப்புங்கள்.

நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து நாலு வருஷமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) படித்தால் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆள் ஆகிவிடலாமா, அல்லது எம்.எஸ்சி.யா? கணக்கு பிளஸ் டூவோடு விட்டுப்போச்சு.
*மேலப்பாளையம் வாசகர்*

எம்.பி.எச். படியுங்கள் தம்பி. ஆனால் அது முடித்ததும் உங்களைப் பயோஸ்டாட்டிஸ்டீஷியன் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எம்.பி.எச். என்பது கதம்பம். நோய்ப்பரவல் படிப்பு, சுகாதார நிர்வாகம், சுற்றுச்சூழல், சமூகவியல் என்று எல்லாவற்றிலும் ஒரு பிடி, அதில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸும் ஒரு பிடி. அந்த ஒரு பிடியை வைத்து ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படித்து இது தேறுமா தேறாதா என்று சொல்லலாம், சுமாரான ஒரு கணக்கெடுப்பை நீங்களே அலசலாம். புது முறை உருவாக்குவது, மருந்துப் பரிசோதனைக்குத் திட்டம் வகுப்பது எல்லாம் எம்.எஸ்சி. கணக்குக்காரர்கள் கைக்குத்தான் போகும். வார்டில் நாலு வருஷம் நின்ற உங்களுக்கு அந்தக் கதம்பம்தான் லாபம். ஒரு கேஸ் ஷீட் எப்படி எழுதப்படுகிறது, எங்கே அவசரத்தில் ஷுகர் அளவை உத்தேசமாகப் போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், எம்.எஸ்சி. பிள்ளைகளுக்குத் தெரியாது.

பக்கத்தில் பார்த்தால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம். 1997-லிருந்து எம்.பி.எச். நடத்துகிறார்கள், ரயில் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். சென்னை அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. எந்தப் பட்டத்துக்கு எத்தனை வருஷ அனுபவம் கேட்கிறார்கள் என்பதை அந்தந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், சினேகிதன் சொன்னதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

பி.எஸ்சி. புள்ளியியல் முடித்தவன். அமெரிக்காவில் எம்.எஸ். அல்லது எம்.பி.எச். பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்க ஆசை. ஏஜென்ட் "ரெண்டும் ஒண்ணுதான், எங்கே இடம் கிடைக்குதோ போங்க" என்கிறார். அப்பா வாழைத் தோட்டத்தை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார்.
*வள்ளியூர் வாசகர்*

தோட்டப் பத்திரத்தை பீரோவிலேயே வைக்கச் சொல்லுங்கள், முதலில் இதைப் படியுங்கள்.

ரெண்டும் ஒன்று இல்லை. அங்கே எம்.பி.எச். தொழில் பட்டம், அங்கீகார விதிப்படி குறைந்தது 42 கிரெடிட் (பாட அளவு), அதற்குள் களப் பயிற்சியும் உண்டு. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் பிரிவு எடுத்தாலும் பொதுச் சுகாதாரத் தாள்கள் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எம்.எஸ். முழுக்கக் கணக்கு, நிரலாக்கம், ஆய்வு. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இதையே எஸ்சி.எம். என்பார்கள், ஹார்வர்டில் எஸ்.எம்., பேரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். படித்த பிறகு வேலை பார்க்கும் அனுமதியிலும் வித்தியாசம் வரலாம். பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற பாடக் குறியீடு ஸ்டெம் பட்டியலில் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான அமெரிக்க அரசின் பட்டியல்) இருக்கிறது, அதனால் வழக்கமான 12 மாதத்துக்கு மேல் இன்னொரு 24 மாதம் கேட்க வழி உண்டு. பொதுச் சுகாதாரம் என்ற பொதுக் குறியீடு அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் பட்டம் எந்தக் குறியீட்டில் வருகிறது என்று பல்கலைக்கழகத்துக்கே ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். ஏஜென்டுக்கு இந்தக் கேள்வியே புரியாது.

கேட்கிற தகுதி ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்: பல மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், ஏதாவது ஒரு நிரல் மொழி, டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு, மூன்று பேரின் பரிந்துரைக் கடிதம். ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வைப் பல இடங்கள் இப்போது கட்டாயமாக்குவதில்லை. பிஎச்.டி.க்கு ரியல் அனாலிசிஸ் என்ற மேல்நிலைக் கணிதத் தாளும் இருந்தால் நல்லது. மூன்று வருஷப் பட்டத்தைச் சில இடங்கள் ஏற்கும், சில இடங்கள் நாலு வருஷம் கேட்கும், விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். லண்டனில் மெடிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எம்.எஸ்சி. ஒரே வருஷத்தில் முடிகிறது, செலவுக் கணக்கில் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், முதுகலையை இங்கே குறைந்த செலவில் முடியுங்கள், அப்புறம் பிஎச்.டி.க்கு அங்கே போங்கள். அங்கே முதுகலைக்குப் பெரும்பாலும் நாம்தான் பணம் கட்ட வேண்டும், பிஎச்.டி.க்கோ பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளி மாதச் சம்பளமும் தருவார்கள். வாழை ஒரு காற்றுக்குச் சாயும், அதை நம்பி டாலரில் கடன் எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஊரை விட்டுப் போகாமல் இந்தப் படிப்பில் அரசு வேலை கிடைக்குமா? இப்போதே என்ன பழகலாம்?
*சேரன்மகாதேவி வாசகி*

உண்டு. நம்ம சுகாதாரத் துறையில் வட்டாரச் சுகாதாரப் புள்ளியியலாளர் என்றே ஒரு பதவி இருக்கிறது, டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வரும்போது கவனியுங்கள். ஊர் மாறச் சம்மதம் என்றால் யு.பி.எஸ்.சி.யின் இந்தியப் புள்ளியியல் பணி இருக்கிறது, பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தாலே எழுதலாம், வயது 21-லிருந்து 30.

பழக வேண்டும் என்றால் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், இறக்கிக்கொள்ளுங்கள். மருந்துக் கம்பெனிக்காரர்கள் எஸ்.ஏ.எஸ். என்ற இன்னொரு மென்பொருளைக் கேட்பார்கள், அதைப் பிறகு பார்க்கலாம். கூடவே 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் திருநெல்வேலி மாவட்டத்துக்கான அட்டவணை இணையத்தில் இருக்கிறது, அதையும் எடுங்கள். ஆனால் ஒரு சூட்சுமம். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டது, ஆய்வோ 2017 மார்ச் எல்லைப்படி நடந்தது. அதனால் அதில் 'திருநெல்வேலி' என்று போட்டிருக்கும் ஒவ்வொரு எண்ணிலும் குற்றாலமும் கடையநல்லூரும் சங்கரன்கோவிலும் உட்கார்ந்திருக்கின்றன. அடுத்த ஆய்வின் எண்ணை இதன் பக்கத்தில் வைத்து "நம்ம மாவட்டம் முன்னேறிடுச்சு" என்று யாராவது மேடையில் பேசினால், எந்த மாவட்டம் என்று எழுந்து கேளுங்கள்.