வண்டி வைத்தியம்: வாசகர் கேள்வி–பதில்

அண்ணாச்சி, எங்க லாரி ஆறுமுகநேரியில் உப்பு ஏற்றுது. பம்பர் மாற்றி ஒரு மழைக்காலம்கூட முடியலை, குரோமில் பழுப்புப் புள்ளி விழுந்துட்டு. கடைக்காரர் மட்டமான சரக்கைக் கொடுத்துட்டாரா?
*– லாரி உரிமையாளர், ஆறுமுகநேரி*

நல்ல சரக்குக்கும் இது வரும். பளபளக்கும் குரோம் பூச்சின் கனம் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. இரும்பைக் காப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல். நிக்கல் மெலிந்த இடத்தில் உப்புநீர் இறங்கி இரும்பைத் தொட்டுவிட்டால் துரு அங்கிருந்து மேலே கிளம்பும்.

உப்பு காய்ந்து கிடக்கும்வரை பெரிய சேதம் இல்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே கசியும். உப்பளத்து உப்பிலோ மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கும், அது கசிய 33 சதவீதமே போதும். அதனால் மழையே இல்லாத நாளிலும் உங்கள் பம்பர் நனைந்துதான் நிற்கிறது.

சரக்கு இறக்கியதும் தண்ணீரைத் திறக்காதீர்கள். முதலில் விளக்குமாறால் பாடி, பலகை இடுக்கு, பம்பர் மடிப்பு எல்லாவற்றையும் காய்ந்தபடியே கூட்டித் தள்ளுங்கள். கூட்டாமல் ஊற்றினால் உப்பு கரைந்து, எட்டாத இடுக்குக்கெல்லாம் போய்விடும். பிறகு நல்ல தண்ணீரில் வாட்டர் சர்வீஸ். கடலோரத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கும். அதில் கழுவினால் கழுவியும் பயனில்லை. ஆற்றில் வண்டியை இறக்க வேண்டாம். தாமிரபரணியைக் குடிக்கும் ஊர்கள் எத்தனை!

துணியால் துடைத்து ஈரம் போன பிறகு புள்ளிகளைப் பாருங்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் மேல் துரு போகும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறல் விழாது. மறுபடி கழுவி, காய்ந்ததும் கார் மெழுகை மெல்லிசாகப் பூசித் துடையுங்கள். உப்பு ஏற்றும் வண்டிக்கு மாதம் ஒருமுறை மெழுகு வேண்டும். நகத்தால் தடவினால் குழி தட்டுகிற இடம் பாலிஷில் சரியாகாது, திரும்ப முலாம் போடத்தான் வேண்டும்.

புளி போட்டுத் தேய்த்தால் என்ன? வீட்டுப் பித்தளையெல்லாம் அப்படித்தானே பளபளக்குது.
*– வாசகி, ஏரல்*

பித்தளைக்குச் சரி, குரோமுக்கு வேண்டாம். பழம்புளியில் கெடாமலிருக்க உப்புச் சேர்த்திருப்பார்கள். அந்த உப்பும் புளிப்பும் வெடிப்புக்குள் தங்கிவிடும். கழிவறை ஆசிட் இன்னும் மோசம். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமையே கரைத்துவிடும்.

சேஸிக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) வருஷாவருஷம் கழிவு ஆயில் அடிக்கிறோம். போதுமா?
*– ஓட்டுநர், முத்தையாபுரம்*

தயவுசெய்து நிறுத்துங்கள். ஆயில் பட்டால் ரப்பர் புஷ் ஊதிப்போகும். பிரேக் லைனிங்கில் ஒரு சொட்டு இறங்கினாலும் பிரேக் பிடிக்காது. கழுவாமல் அடித்தால் உப்பை அடியில் வைத்துப் பூட்டியதாகிவிடும், மேலே தூசி ஒட்டி ஈரத்தை வேறு பிடித்து வைக்கும். மிச்சம் ரோட்டிலும் மண்ணிலும் சொட்டும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் செய்ய வேண்டியது வேறு. அடிப்பக்கத்தைக் கழுவி, ஒரு முழு நாள் வெயிலில் நிறுத்துங்கள். உதிரும் துருவைக் கம்பி பிரஷால் எடுத்து, ஜிங்க் பாஸ்பேட் கலந்த எபாக்சி பிரைமர் ஒரு கோட், அது காய்ந்ததும் சேஸி பிளாக் எனும் கறுப்புப் பெயிண்ட். குறுக்குச் சட்டம் சேரும் மூட்டு, பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட் உட்காரும் இடம், பேட்டரிப் பெட்டி, பிரேக்குக்குக் காற்றைத் தேக்கும் டேங்கின் அடி ஆகியவைதான் முதலில் அரிபடும். பிரேக் டிரம்மிலும் சைலன்சரிலும் பெயிண்ட் படக் கூடாது. சேஸியின் வடிகால் துளைகளை அடைத்துவிடாதீர்கள். துருவின் மேலேயே தார் மாதிரிக் கனமான கோட்டிங் அடிப்பதும் தவறு. அது வெடித்தால் தண்ணீர் உள்ளே நின்று இரும்பைத் தின்னும். பொருக்கு உதிரும்வரை வெளியே தெரியாது.

காற்று டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுங்கள். டேங்கில் குழி விழுந்திருந்தால் வெல்டிங் வைத்து ஓட்ட நினைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். அதற்குள் இருக்கும் அழுத்தம் ஆளைக் கொல்லும்.

தம்பி கனடாவில் ட்ரெய்லர் ஓட்டுகிறான். அங்கே பனிக்கு ரோட்டிலேயே உப்புப் போடுகிறார்களாம். அவனுக்கும் இதே வழிதானா?
*– வாசகர், பாளையங்கோட்டை*

பாதி இதேதான். அங்கே சாதா உப்பு சுமார் மைனஸ் 9 டிகிரி வரைதான் நன்றாக வேலை செய்யும். அதற்குக் கீழே குளிர்ந்தால் மக்னீசியம், கால்சியம் குளோரைடுகளைப் போடுவார்கள். இவை ஈரத்தை விடாமல் இழுப்பவை. பனி தொடங்கும் முன்பே மெழுகுப் பூச்சு முடிந்திருக்க வேண்டும். உறைகுளிரில் வெளியில் வைத்துக் கழுவினால் கதவுப் பூட்டும் ஏர் வால்வும் உறைந்துபோகும். சூடேற்றிய கூடத்தில் கழுவி, காற்றடித்து உலர்த்தச் சொல்லுங்கள். உப்போடு அப்படியே சூடான கொட்டகையில் நிறுத்துவது வெளியில் நிறுத்துவதைவிடக் கெடுதி: வெப்பம் ஏற ஏறத் துரு வேகமெடுக்கும்.

பல்பு மாற்றியும் பின் விளக்கு மங்கலாகவே எரியுது.
*– ஓட்டுநர், உவரி*

எர்த்தைப் பாருங்கள், அதாவது மின்சாரம் சேஸி வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பை. விளக்கை எரியவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் விளக்கின் எர்த்துக்கும் இடையே மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் முனையில் உப்பு அரித்திருக்கிறது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எர்த் முனையையும் சேஸியில் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேயுங்கள். பல் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள்.