கூரை 10 கிலோவாட் தாங்குமாம், வைப்பு தாங்குமா?

கேள்வி: ஐயா, நான் கொக்குவிலில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 66. மகள் குடும்பத்தோடு சேர்த்து வீட்டில் ஐந்து பேர். ஒரு ஏசி, கிணற்று மோட்டார், பிரிட்ஜ் எல்லாம் ஓட மாதம் 280 அலகு அளவில் போகிறது; பில் 12,700 ரூபாவுக்குக் கிட்ட. போன கிழமை ஒரு சோலார் நிறுவனத்துப் பிள்ளை வந்து எங்கள் வீட்டின் செய்மதிப் படத்தைத் திரையில் காட்டினார். கூரை முழுக்க மஞ்சளும் செம்மஞ்சளுமாக நிறம் தீட்டியிருந்தது. "அன்ரி, உங்கட கூரை 10 கிலோவாட் தாங்கும். மாதம் 40,500 ரூபா வரும், மூண்டு வருசத்தில முதல் திரும்பிடும்" என்றார். விலை 3 கிலோவாட்டுக்கு 6 லட்சத்து 20 ஆயிரம், 5க்கு 8 லட்சத்து 75 ஆயிரம், 10க்கு 15 லட்சத்து 50 ஆயிரம். என்னிடம் 18 லட்சம் நிலையான வைப்பில் 8 வீதத்துக்கு இருக்கிறது. தை மாதம் முதிர்கிறது. பக்கத்து வீட்டார் 2023இல் பூட்டி நல்ல காசு எடுக்கிறார்கள். நானும் 10 கிலோவாட் போடலாமா? வீட்டின் வடக்குப் பாதி பிறகு கட்டின கொங்கிறீற் தட்டு, தெற்குப் பாதி பழைய ஓட்டுக் கூரை. பக்கத்து வளவில் தெற்குப் பக்கம் மூன்று பனை நிற்கிறது. மகள் குடும்பம் கனடாவுக்கு விண்ணப்பித்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

பதில்: ரீச்சர், கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியதுதான் இந்தக் கணக்கிலேயே பெரிய விசயம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த நிறம் தீட்டிய படம்.

அந்தப் படம் பொய்யில்லை. செய்மதிப் படத்தில் கூரையின் ஓரத்தைக் கோடு போட்டு, பரப்பைக் கணக்கெடுத்து, அந்த இடத்தில் விழும் வெயிலின் அளவால் பெருக்குகிறார்கள். உலக வங்கியின் 'குளோபல் சோலார் அட்லஸ்' தளத்தில் நீங்களே இலவசமாகக் கொக்குவிலைத் தொட்டுப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துக்கு வெயிலில் குறைவில்லை. ஆனால் அந்த அட்லஸ் மின் உற்பத்தியைக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர் சதுரக் கட்டங்களாகத்தான் கணக்கிடுகிறது. உங்கள் வீட்டுக்கும், இரண்டு ஒழுங்கை தள்ளி மாமரத்தடியில் இருக்கும் வீட்டுக்கும் அது ஒரே எண்ணைச் சொல்லும். மேலேயிருந்து எடுத்த தட்டையான படத்துக்குப் பனையின் உயரம் தெரியாது. உங்கள் ஓட்டுக்குக் கீழே இருக்கும் சிலாகையைக் கறையான் அரித்திருக்கிறதா என்பதும் தெரியாது.

பனை விசயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்க வருபவர்கள் பார்க்காமல் போவது இதைத்தான். சித்திரை தொடக்கத்திலும் ஆவணி நடுவிலும் நண்பகல் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். இடையில் ஆனி மாதத்தில் அது கொஞ்சம் வடக்கே சாயும். அப்போது தெற்கே நிற்கும் பனையின் நிழல் உங்கள் பக்கம் வராது. அந்த மாதங்களில் வந்து பார்த்தால் கூரை வெட்ட வெயிலாகத்தான் தெரியும். மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே 57 பாகையில்தான் நிற்கும். பனை 50 அடி, ஓட்டுக் கூரை 12 அடி என்று வைத்தால், நடு மதியத்திலேயே கூரை மட்டத்தில் நிழல் வடக்கே 25 அடி நீளும். காலையும் பின்னேரமும் இன்னும் நீளம். சோலார் தகடுகளை ஒன்றோடொன்று தொடராக இணைத்திருந்தால், ஒரு தகட்டில் விழும் நிழல் முழு வரிசையின் விளைச்சலையும் குறைக்கக் கூடும். பனை பக்கத்து வளவில் நிற்கிறது. உங்கள் வளவிலேயே நின்றாலும் பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டும். ஆகவே அது அங்கேதான் நிற்கப் போகிறது என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம்.

இனி அந்த 40,500 ரூபா எங்கேயிருந்து வந்தது? 10 கிலோவாட், ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 150 அலகு, அலகுக்கு 27 ரூபா. மூன்றில் இரண்டு பிழை. நல்ல கூரையில் ஒரு கிலோவாட் ஆண்டுச் சராசரியாக நாளைக்கு 4 அலகு தரும், மாதம் 120. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை மூட்டம், சோளகக் காற்றோடு வரும் செம்மண் புழுதி எல்லாவற்றையும் பார்த்து நான் 110 என்றுதான் எடுப்பேன். 27 ரூபா என்பது 2024இல் இருந்த விலை. 2025 நடுப்பகுதியிலிருந்து புதிதாக ஒப்பந்தம் செய்பவருக்கு 5 கிலோவாட் வரை அலகுக்கு 20.90, அதற்கு மேல் 20 கிலோவாட் வரை 19.61. பக்கத்து வீட்டார் 2023இல் கையெழுத்து வைத்தபோது விலை 37 ரூபா. அவருடைய ஒப்பந்தம் அவருக்கு. அதைப் பார்த்து நீங்கள் கணக்குப் போடக் கூடாது.

அந்தப் பிள்ளையின் கணக்கில் உங்கள் பில்லே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வருகிற அலகு எல்லாவற்றையும் விற்பதாகத்தான் போட்டிருக்கிறார். நெட் அக்கவுண்டிங் முறையில் நீங்கள் மின் வலைப்பின்னலுக்குக் கொடுத்ததையும் அதிலிருந்து எடுத்ததையும் மாதக் கடைசியில் கழித்துப் பார்த்து, மிஞ்சியதற்கு மட்டும்தான் காசு. அப்படியென்றால் கூரையில் விளையும் முதல் அலகு உங்கள் பில்லின் உச்சியில் இருக்கும் அலகைத்தான் வெட்டும். பில்லைப் பாருங்கள்: 180க்கு மேல் போன 100 அலகுக்கு ஒவ்வொன்றும் 61 ரூபா. அதற்குக் கீழே 60 அலகு 41 ரூபாப்படி. பிறகு 24, 18.50, அடியில் 12.75. இந்த 280 அலகின் பெறுமதி 10,600 ரூபா. மிச்சம் 2,100 நிலையான கட்டணம், அதை நான் இந்தக் கணக்கில் தொடவில்லை. 61 ரூபா அலகை வெட்டுவது வேறு, 20.90க்கு விற்பது வேறு. இரண்டையும் ஒரே விலையில் எழுதிய எந்தத் தாளையும் நம்ப வேண்டாம்.

5 கிலோவாட்டை வடக்குத் தட்டில் பூட்டினால், 9 அல்லது 10 தகடு, 250 முதல் 300 சதுர அடி போதும். மாதம் 550 அலகு. 280 பில்லை வெட்டும், 270 விற்பனைக்கு. 10,600உம் 5,640உம் சேர்த்து 16,200 ரூபா அளவில், ஆண்டுக்கு 1 லட்சத்து 95 ஆயிரம். இதை வைப்பு வட்டியோடு நேரே ஒப்பிடாதீர்கள். வைப்பில் முதல் மிஞ்சும், 20 ஆண்டில் கூரையில் மிஞ்சுவது பழைய தகடு. சரியான ஒப்பீடு வேறு. அதே 8 லட்சத்து 75 ஆயிரத்தை 8 வீதத்தில் வைத்து, 20 ஆண்டில் முதலும் வட்டியும் சேர்த்துச் சமமாக எடுத்து முடித்தால் ஆண்டுக்கு 89,000 வரும். கூரை அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தருகிறது. இடையில் ஒரு தடவை இன்வேட்டர் (தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக்கும் பெட்டி) மாற்றும் செலவைக் கழித்தாலும் கூரைதான் வெல்லும்.

மகள் குடும்பம் கனடா போய், நீங்கள் தனியே 120 அலகோடு இருந்தால்? பில்லில் வெட்டுப்படுவது 2,040 ரூபாதான். விற்பனை 430 அலகு, 8,990. மொத்தம் மாதம் 11,000. ஆண்டுக்கு 1 லட்சத்து 32 ஆயிரம். மகள் குடும்பம் இருந்தால் முதல் திரும்ப நாலரை வருடம்; போனால் அது ஆறரை வருடத்துக்கு மேல் போகும். ஆனாலும் 89,000ஐ விடக் கூடத்தான். மகள் இருந்தாலும் போனாலும் நிற்கும் முடிவு இது. அதனால்தான் 5 என்று துணிந்து சொல்கிறேன். 3 கிலோவாட் இந்தச் சோதனையில் 5ஐ விடப் பின்னுக்கு நிற்கிறது: மகள் போன பிறகு மாதம் 6,400 ரூபாதான், முதலுக்கு எட்டு வருடம். சின்னதாகப் போட்டாலும் இன்வேட்டர், வயர், மீற்றர், கூலி எல்லாம் பெரிதாகக் குறையாது.

இனி 5க்கு மேலே போகும் அடுத்த 5. அது தெற்குப் பாதியில், பனை நிழலில், பழைய ஓட்டின் மேலே. அங்கே கிலோவாட்டுக்கு 75 அலகு கிடைத்தால் நல்லது என்பேன். 375 அலகு, 19.61 விலைக்கு 7,350. 5 கிலோவாட்டைத் தாண்டியதால் முதல் 270 அலகின் விலையும் குறையும், அதில் 350 போகும். மிச்சம் 7,000, ஆண்டுக்கு 84,000. இதற்குக் கூடுதலாகக் கட்டுவது 6 லட்சத்து 75 ஆயிரம். அந்தக் காசை வைப்பில் போட்டு 20 ஆண்டில் எடுத்து முடித்தாலே ஆண்டுக்கு 68,700 வருகிறது, தலையிடி இல்லாமல். சிங்கிள் பேஸ் இணைப்பைத் திறீ பேஸாக்கும் செலவையும், ஓட்டின் கீழே கைமரம் சிலாகை மாற்றும் செலவையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. சேர்த்தால் அந்த 15,000 வித்தியாசமும் கரைந்து போகும்.

விற்பனையை நம்பி இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் பூட்டியிருக்க, பகலில் மின்சாரத் தேவை விழுந்துபோய், கூரைச் சோலார் வைத்திருப்பவர்களை பின்னேரம் 3 மணி வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் நாடு முழுக்க மின்சாரம் நின்றிருந்தது. பகல் மின்சாரம் தேவையை விடக் கூடினால் வலைப்பின்னல் தளம்பும். கூரைகளோ சபையின் கட்டுப்பாட்டில் இல்லை. இப்படியான நாட்கள் இனியும் வரும், அந்த நாட்களில் விற்பனை இல்லை. உங்கள் ஒழுங்கையின் ட்ரான்ஸ்போமரில் இடம் நிரம்பியிருந்தால் அனுமதியே கிடைக்காமலும் போகலாம். என்னைக் கேட்டால், கூரை கூரையாக நிறம் தீட்டிய வரைபடத்தை விட, எந்த ட்ரான்ஸ்போமரில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் வரைபடம்தான் யாழ்ப்பாணத்துக்கு அவசரம். அது கைக்கு வரும் வரை, ஒரு சதம் முற்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். எந்த முறையில் இப்போது சேர்க்கிறார்கள் என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

பலர் நினைப்பது போல, கரண்ட் போனால் இந்தச் சோலாரில் வீட்டு லைற் எரியாது. மின்கம்பியில் வேலை செய்பவர்களுக்குக் கரண்ட் அடிக்கக் கூடாதென்று இன்வேட்டர் தானாக நின்றுவிடும். எரிய வேண்டுமென்றால் பற்றரியும் அதற்கான இன்வேட்டரும் தனிச் செலவு. இந்தக் காசுக்குள் அது வராது.

வைப்பை இப்போது உடைக்க வேண்டாம். தையில் முதிரட்டும். அதற்குள் மார்கழி வந்துவிடும். ஒரு வெயில் நாளில் காலை 9, நடு மதியம், பின்னேரம் 3 மணிக்குத் தட்டில் ஏறி, இல்லையென்றால் மருமகனை ஏற்றி, நிழல் எங்கே விழுகிறது என்று கைபேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். தட்டின் தெற்கு ஓரத்தையும் நிழல் தொட்டால் தகடுகளைக் கொஞ்சம் வடக்கே தள்ளிப் பூட்டச் சொல்லலாம். தையில் 8 லட்சத்து 75 ஆயிரத்தை எடுத்தால் மிச்சம் 9 லட்சத்து 25 ஆயிரம். 60 வயது தாண்டியவர்களின் ஓராண்டு வைப்புக்கு 10 லட்சம் வரை 3 வீதம் கூட்டித் தரும் திட்டம் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் வந்தது. மிச்சக் காசை அதில் போட முடியுமா என்று வங்கியில் விசாரியுங்கள். வைப்பு வட்டியில் இப்போது 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். உங்கள் ஆண்டு வருமானம் 18 லட்சத்துக்குக் குறைவென்றால் அதற்கான பிரகடனத்தையும் அப்போதே கையோடு கொடுத்துவிடுங்கள்.

விலைத் தாளில் எழுத்தில் வாங்க வேண்டியவை: தாங்கிகளும் நட்டுகளும் துரு ஏறாத வகையா, இன்வேட்டருக்கு எத்தனை வருட உத்தரவாதம், மாதம் மாதமாக எத்தனை அலகு வரும் என்ற கணக்கு. "ஆண்டுக்கு இவ்வளவு" என்ற ஒற்றை எண்ணை ஏற்க வேண்டாம். கார்த்திகைக்கும் மாசிக்கும் வேறு வேறு எண் எழுதத் தெரியாதவர் கூரையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். தகட்டைக் கிணற்றுத் தண்ணியால் கழுவிக் காயவிட்டால் எங்கள் சுண்ணாம்புத் தண்ணி வெள்ளைக் கறையாகப் படியும். விடியற்காலையில் கழுவி, உடனே துடைத்துவிட வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பில்லின் படத்தில் கணக்கு இன்னும் உங்கள் தகப்பனார் பெயரில்தான் இருக்கிறது. சோலார் ஒப்பந்தம் கணக்குக்காரரோடுதான் எழுதப்படும். உறுதியில் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சகோதரர்களுக்கும் பங்கிருந்தால் அவர்களின் சம்மதக் கடிதம் வந்து சேரவே மாதக் கணக்காகலாம். பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பத்தை இந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள்.