மூன்றாம் ஆண்டில் ஐந்து அரியர்: படிப்பை விட்டுவிடலாமா, முடித்தாலும் வேலை கிடைக்குமா?

கேட்டிருப்பது இதுதான்: மூன்றாம் ஆண்டு பொறியியல். ஐந்து தாள் அரியர். வகுப்பில் உட்கார்ந்தால் ஒன்றும் ஏறவில்லை. கூடப் படிப்பவர்கள் வேலைக்கு விண்ணப்பிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த மதிப்பெண்ணோடு யார் வேலை தருவார்கள், பேசாமல் விட்டுவிட்டு வேறு எதையாவது பார்க்கலாமா?

ஐந்துதானே. எனக்கு ஏழு.

போட்டிக்குச் சொல்லவில்லை. அந்த ஏழும் உண்மையில் ஏழு இல்லை என்று எனக்குப் புரியவே ஒன்றரை வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். இரண்டாம் ஆண்டில் கணிதத் தாள் போனது. எல்லோருக்கும் போகிற தாள்தானே என்று விட்டுவிட்டேன். அடுத்த பருவத்தில் சிக்னல்ஸ் போனது. பிறகு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், கம்யூனிகேஷன், டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங் என்று வரிசையாக. மீதி இரண்டு, தேர்வு எழுதப் போகாமலேயே போனவை. ஒவ்வொரு முடிவு வரும்போதும், இந்தப் படிப்புக்கான மண்டை எனக்கு இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சி வந்து நின்ற மாதிரி இருக்கும். ஒரு சாட்சி என்றால் சந்தேகப்படலாம். ஏழு சாட்சி சொன்னால் என்ன செய்வது?

ஆய்வகத்தில் ஓர் இளம் ஆசிரியர் இருந்தார். கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் ஒரு கணக்கு புரியவில்லை என்று அவரிடம் போனேன். அவர் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை. ஒரு துண்டுத்தாளில் ஒரு பின்னத்தை எழுதி, கீழே இரண்டு காரணிகள் போட்டு, "இதை இரண்டு பின்னமாப் பிரிச்சுக் காட்டு, மத்ததை அப்புறம் பார்ப்போம்" என்றார். பகுதிப் பின்னங்கள். பள்ளிக்கூடத்துப் பாடம். பத்து நிமிடம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவர் சிரிக்கவில்லை, அது பெரிய உபகாரம். "உனக்கு கன்ட்ரோல் வரலைன்னு யார் சொன்னது? நீ இன்னும் அங்க போகவே இல்லையே" என்றார்.

இது ஏன் முக்கியம் என்றால், சிக்னல்ஸ், கன்ட்ரோல் தாள்களில் வருகிற லாப்லாஸ் உருமாற்றம் என்ற கணித முறை செய்கிற வேலையே வகைக்கெழுச் சமன்பாட்டைச் சாதாரண இயற்கணிதமாக மாற்றிக் கொடுப்பதுதான். விடையைக் கண்டுபிடித்துத் திரும்பி வர வேண்டுமானால் அதில் வருகிற பெரிய பின்னத்தைச் சின்னச் சின்னதாக உடைக்கத் தெரிய வேண்டும். கன்ட்ரோலில் ஓர் அமைப்பு நிலையாக நிற்குமா, கட்டுமீறுமா என்பதைச் சொல்வதும் அதே பின்னத்தின் கீழ்ப்பகுதியின் மூலங்கள்தான். எல்லாம் சிக்கலெண் தளத்தின் இடப்பக்கம் விழுந்தால் நிலைக்கும், ஒன்று வலப்பக்கம் போனாலும் போச்சு. கீழ்ப்பகுதியைக் காரணிப்படுத்தவே தெரியாதவனுக்கு இந்தத் தாள்கள் அத்தனையும் பூட்டின கதவுதான். நானோ ஒவ்வொரு கதவிலும் தனித்தனியாக முட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் பள்ளிக் கணிதப் புத்தகத்தைப் படித்தேன். அட்டைக்குச் செய்தித்தாள் சுற்றிக்கொண்டு. மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவன் கையில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை. (யாரும் எதுவும் நினைக்கவில்லை. அவரவர்க்கு அவரவர் அரியர்.) அடுத்த இரண்டு பருவத்தில் ஐந்து தாளும் தேறின. சொல்லிக்கொள்ளும்படியான மதிப்பெண் எல்லாம் இல்லை. தேறின, அவ்வளவுதான்.

ஆகவே, விடுவதா தொடர்வதா என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். போன ஐந்து தாளையும் ஒரு காகிதத்தில் எழுதி, எது எதன் மேல் நிற்கிறது என்று கோடு போடுங்கள். பாடத்திட்டத்தில் முன்தேவை என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பழைய வினாத்தாளை எடுத்து, ஒரு கணக்கை முதல் வரியிலிருந்து போட்டுக்கொண்டே வந்து எந்த வரியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். ஐந்தும் ஒரே வரியில் நின்றால் உங்களிடம் இருப்பது ஓர் ஓட்டை. ஐந்தும் ஐந்து இடத்தில் நின்றால் அது வேறு கதை, அதைப் பிறகு சொல்கிறேன்.

படிக்கும் முறை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சோம்பேறி இல்லை. இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். வண்ணப் பேனாவால் கோடு போட்டுக் கோடு போட்டுப் புத்தகமே மஞ்சளாகிவிட்டது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் உரைப்பகுதி ஒன்றை இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. என் மஞ்சள் புத்தகம் அந்த ஐந்து நிமிடக் கணக்கில் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது. மூடி வைத்து எழுதிப் பார்ப்பது எரிச்சலான வேலை, எவ்வளவு தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்லும். அதனால்தான் தள்ளிப்போடுகிறோம்.

இப்போது, எழுதப் போகாமலேயே போன அந்த இரண்டு தாள்கள். அதற்குக் கணிதம் காரணமில்லை, வெட்கம். துறை அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலை நான்கு மாதம் திறக்காமல் வைத்திருந்தேன். திட்டித்தான் எழுதியிருப்பார்கள் என்று பயம். கடைசியில் திறந்தால், துணைத்தேர்வுக்குப் பதிவு செய்யலாம் என்ற சாதாரண அறிவிப்பு. தேதி முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டிலும் முடிவு இன்னும் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஆகிற உழைப்பில் ஒரு தாளை முடித்திருக்கலாம், நிஜமாகவே. எனக்குக் கூடுதலாக ஆன ஒரு வருடத்தில் பாதி அந்த மின்னஞ்சலின் விலை.

இதில் ஒன்றை மட்டும் வேறாக வையுங்கள். ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது பாடம் மட்டும் ஏறாததா? தூக்கம் கெட்டு, முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல், காலையில் எழவே முடியாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால் மேலே நான் சொன்ன கோடு போடுகிற வேலையெல்லாம் அப்புறம். முதலில் மருத்துவர். உடம்புக்கு முடியாதபோது படிப்பைச் சில மாதம் நிறுத்திவைக்கப் பல பல்கலைக்கழகங்களில் முறையான வழி உண்டு. விண்ணப்பித்து நிறுத்துவதும் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவதும் பதிவேட்டில் ஒன்றல்ல.

சரி, விடுவதா?

"மூன்று வருடம் போயிடுச்சே, இப்போ போய் விடறதா" என்று வீட்டில் சொல்வார்கள். அது காரணமே இல்லை. ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. நாடக அரங்கின் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி, யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி. நாடகங்கள் அதே நாடகங்கள். ஆனால் பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் நன்றாக இருக்கிறதா என்பதற்கும் கொடுத்த காசுக்கும் என்ன சம்பந்தம்? போன மூன்று வருடம் அந்தக் காசு. விட்டாலும் தொடர்ந்தாலும் திரும்பி வராது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு உடனே பெட்டியைக் கட்டுகிறவர்களும் உண்டு, அதுவும் தப்புக் கணக்கு. "மூன்று வருடம் போய்விட்டது, அதனால் முடி" என்பது வேறு. "மீதி இவ்வளவுதான் இருக்கிறது, அதனால் முடி" என்பது வேறு. கேட்க ஒரே மாதிரி இருக்கும். பார்க்க வேண்டியது மீதியை மட்டும்: இன்னும் எத்தனை தாள், எத்தனை மாதம், எவ்வளவு கட்டணம், அதற்கு ஈடாகக் கையில் என்ன வரும். ஐந்தும் ஐந்து இடத்தில் நிற்கிறது, அடிப்படையைச் சரிசெய்த பிறகும் பாடம் கசக்கிறது, மீதியும் நிறைய என்றால் மாறுவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. அப்போதும் ஒரு கேள்வி: எதற்கு மாறுகிறீர்கள்? "இது வேண்டாம்" என்பது மட்டும் பதிலாக இருந்தால் அடுத்த இடத்திலும் அதே பதில்தான் வரும். முடித்த தாள்களை வேறு பிரிவுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா, அதுவரை படித்ததற்குப் பட்டயம் மாதிரி எதுவும் தருவார்களா என்று அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். நண்பன் சொன்னான் என்று முடிவெடுக்காதீர்கள்.

படிப்பை விட்டுப் பெரிய ஆளானவர்களின் கதையை யாராவது சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். விட்டவர்களில் மீதிப் பேர் எங்கே என்று அந்தக் கதை சொல்லாது. ஒரே ஒரு கதை மட்டும் எனக்கு உதவியது. சார்லஸ் டார்வின் 1825-இல் எடின்பரோவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். மயக்க மருந்து வராத காலத்து அறுவை சிகிச்சையைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே ஓடினார், 1827-இல் மருத்துவத்தை விட்டார். அடுத்து கேம்பிரிட்ஜில் சேர்ந்து அங்கே வேறொரு பட்டத்தை முடித்தார். அப்பா வசதியான மருத்துவர், அதையும் மறைக்க வேண்டாம். என்னைப் பிடித்தது வேறொன்று. எடின்பரோவில் இருந்தபோது, அடிமைத்தளையிலிருந்து விடுதலையான ஜான் எட்மன்ஸ்டன் என்பவரிடம் காசு கொடுத்துப் பறவைகளைப் பாடம்பண்ணக் கற்றுக்கொண்டார். பிற்பாடு அவர் உலகம் சுற்றிய பீகிள் கப்பலில் கை கொடுத்தது அதுதான். அந்தக் கல்லூரியில் அவர் கற்றதில் உருப்படியானது பாடத்திட்டத்தில் இல்லை.

என் விஷயத்தில் அது ஐந்து மல்டிமீட்டர். கூடுதலாக இருந்த அந்த வருடத்தில், அதே ஆய்வக ஆசிரியர் ஒருநாள் ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரியையும் ஐந்து மீட்டர்களையும் மேசையில் வைத்தார். ஐந்தும் ஐந்து எண் காட்டின. "இதுல எது பொய் சொல்லுது, கண்டுபிடி" என்றார். எனக்குத் தூக்கம் போனது, இந்த முறை நல்லவிதமாக. பொய் சொல்வதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் உண்மை எங்கேயாவது இருக்க வேண்டும். அந்த உண்மையை யார் வைத்திருக்கிறார்கள்?

அந்தக் கேள்விதான் இன்றைக்கு என் பிழைப்பு. காலிப்ரேஷன் ஆய்வகத்தில் வேலை. தராசு, வெப்பமானி, அழுத்தமானி, மின்னளவி எது வந்தாலும் அதைவிடத் துல்லியமான ஒன்றோடு ஒப்பிட்டு, எவ்வளவு விலகுகிறது, அந்த விலகலையே நாங்கள் எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்று சான்றிதழ் எழுதுவோம். இதற்கென்றே ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 என்று ஒரு தரவிதி இருக்கிறது. பல இடத்திலிருந்து வரும் நிச்சயமின்மைகளை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்போம். தேர்வில் என்னைக் கவிழ்த்த கணிதம்தான், இப்போது அதற்கு ஒரு முகம் இருக்கிறது. 2019 மே 20 அன்று கிலோகிராமின் வரையறையே மாறியது. 1889 முதல் பாரிஸ் அருகே பாதுகாத்துவந்த உலோக உருளைக்குப் பதிலாக, இயற்பியலில் மாறாத எண்ணான பிளாங்க் மாறிலி வந்தது. அன்று மதியம் எங்கள் ஆய்வகத்தில் வேறு பேச்சே இல்லை. உலகத்தில் வேறு யாருக்கும் அது செய்தியாகப் பட்டதா தெரியாது.

பத்தொன்பது வயதில் என் பட்டியலில் இருந்தவை இரண்டே வேலைகள், மென்பொருள் அல்லது எலக்ட்ரானிக்ஸ் வடிவமைப்பு. காலிப்ரேஷன் என்று ஒரு வேலை உண்டு என்பதே தெரியாது. இரண்டையும் வைத்துக்கொண்டு எதிர்காலமே இல்லை என்று பயந்தேன். நீங்கள் பயப்படும் எதிர்காலத்தில் எத்தனை வேலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான்கைந்துக்கு மேல் தேறாது என்று நினைக்கிறேன்.

மதிப்பெண் பற்றிக் கேட்டீர்கள், பூசி மெழுக மாட்டேன். சில பெரிய நிறுவனங்கள் ஒரு வரம்பு வைத்திருக்கும், அதற்குக் கீழே விண்ணப்பத்தைத் திறக்கவே மாட்டார்கள். எனக்கு அப்படிப் பல கதவு மூடியது. மேற்படிப்பிலும் அது உறுத்தியது. சிறிய இடங்களில்தான் நேரில் பேச வாய்ப்பு கிடைத்தது. முதல் நேர்காணலில் "ஏன் ஒரு வருடம் கூடுதல்?" என்றார்கள். பகுதிப் பின்னக் கதையை அப்படியே சொன்னேன், செய்தித்தாள் அட்டை உட்பட. அவர் சிரித்துவிட்டு, ஒரு மீட்டரைக் கையில் கொடுத்து இதை எப்படிச் சரிபார்ப்பாய் என்று கேட்டார். அதற்குப் பதில் இருந்தது. இரண்டாவது வேலைக்கு மாறியபோது மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை. பட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

உங்கள் கேள்வியில் ஐந்து தாள் என்று இருக்கிறது, எந்த ஐந்து என்று இல்லை. பெயர்களை எழுதுங்கள், ஒவ்வொன்றிலும் எந்த வரியில் நின்றீர்கள் என்பதையும். கோடு போட்டுப் பார்ப்போம்.