வயது 26, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 158. மூன்று வாரம் டயட் இருந்தால் குறையுமா?

குறையும். மூன்று வாரம் தாராளமாகப் போதும். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் தோரணையைப் பார்த்தால், ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் தடித்த எழுத்தில் 158 வந்திருக்கிறது, அடுத்த மாதம் மறு டெஸ்ட், அதற்குள் எதையாவது செய்து ‘நார்மல்’ வாங்கிவிட வேண்டும் என்பதுதான் திட்டம் போலிருக்கிறது. அந்தத் திட்டத்தில் இரண்டு ஓட்டை.

ரத்தத்தில் ஓடும் ஓர் எல்டிஎல் துகளின் ஆயுள் ஏறக்குறைய மூன்று நாள். அதைப் பிடித்து உள்ளே இழுப்பவை கல்லீரல் செல்களின் மேலுள்ள ஏற்பிகள். நெய், வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் இவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் அந்த ஏற்பிகள் மந்தமாகும். குறைத்தால் மறுபடி சுறுசுறுப்பாகும். அதனால்தான் இரண்டு மூன்று வாரத்திலேயே எண் இறங்கி ஓரிடத்தில் நிற்கிறது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் அதே வேகத்தில் ஏறியும் விடும். இது முதல் ஓட்டை. எல்டிஎல் ரத்தக்குழாய்ச் சுவரில் வருடக்கணக்கில் சேர்ந்துதான் படிகிறது, அதுவும் இளம் வயதிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு மாத ‘நார்மல்’ அதைத் தடுத்துவிடாது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்து 1953இல் வெளியிட்டார்கள். சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் இதயக் குழாய்களில் படிவின் அடையாளம் இருந்தது.

இரண்டாவது ஓட்டை அளவீட்டில். நீங்கள் எதையுமே மாற்றாவிட்டாலும் எல்டிஎல் ஆளுக்குள்ளேயே 8 சதவீதம் அளவுக்கு மேலும் கீழும் ஆடும். அதனால் ஒரு ரிப்போர்ட்டையும் அடுத்த ரிப்போர்ட்டையும் ஒப்பிட்டு ‘டயட் வேலை செய்தது’ என்று உறுதியாகச் சொல்ல, சுமார் 20 சதவீத வித்தியாசமாவது வேண்டும். 158 என்பது 142 ஆனால் அது டயட்டாகவும் இருக்கலாம், வெறும் ஆட்டமாகவும் இருக்கலாம். தொடங்கும் முன் ஒரு வார இடைவெளியில் இரண்டு டெஸ்ட், நான்கு வாரம் கழித்து அதேபோல் இரண்டு டெஸ்ட் எடுத்து சராசரியை ஒப்பிடுங்கள். ஒரே லேப், ஒரே நேரம், 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு ரத்தம். நின்றுகொண்டே இருந்துவிட்டு உடனே கொடுத்தால் எண் கூடும். டெங்கு, வைரல் காய்ச்சல் வந்து சில வாரங்களுக்குள் எடுத்தால் பொய்யாகக் குறைந்து காட்டும். இன்னொன்று: பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல் எனும் நல்ல கொலஸ்ட்ராலையும், ட்ரைகிளிசரைடு எனும் ரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். ட்ரைகிளிசரைடோ முந்தைய இரண்டு நாள் பிரியாணிக்கும் பீருக்கும் எகிறும் சாமான். அது 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது.

சரி, எதை மாற்றுவது? ஒரு நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டி நெய் சாப்பிடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 17 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. 2000 கலோரி உணவில் ஏழரை சதவீதம். அதை நிறுத்திவிட்டு அதே கலோரிக்குச் சோறோ இட்லியோ கூட்டினால் எல்டிஎல் 10 புள்ளி அளவுக்கு இறங்கும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், வேர்க்கடலை, பாதாம் என்று மாற்றினால் 12 முதல் 16. அதாவது எதை நிறுத்தினீர்கள் என்பதோடு, அந்த இடத்தில் எதை வைத்தீர்கள் என்பதும் கணக்கு.

அடுத்தது கரையும் நார். ஓட்ஸின் பலன் தெரிய ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் (அதிலுள்ள கரையும் நார்) வேண்டும். அதற்கு 75 முதல் 80 கிராம் உலர்ந்த ஓட்ஸ். மசாலா ஓட்ஸ் சின்ன பாக்கெட் ஒன்றில் அதில் பாதிகூடத் தேறாது, பிறகு ‘ஓட்ஸ் சாப்பிட்டும் குறையலை’ என்பார்கள். இசப்கோல் உமி 10 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி, எல்டிஎல்லை 7 சதவீதம் வரை குறைக்கும். முதல் வாரம் பாதி அளவு, இல்லையென்றால் வயிறு உப்பி நீங்களே விட்டுவிடுவீர்கள். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். குறைந்தால் தொண்டையில் பசையாக அடைத்துக்கொள்ளும். வேறு மாத்திரை போடுகிறவர்கள் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். தினம் ஒரு கிண்ணம் சுண்டல், வெந்த எடை 130 கிராம், இன்னொரு 5 சதவீதம். தேங்காய் போடாமல் பண்ணுங்கள்.

இப்போது எதிர்ப்பு வரக்கூடிய இடம். மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ, கீட்டோ டயட்டுகளால் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் இறங்குவதை நான் மறுக்கவில்லை. கொடி பிடித்து வர வேண்டாம். ஆனால் ஒல்லியான இளைஞர்களுக்கு எல்டிஎல் கதை வேறு. நார்வேயில் 18 முதல் 30 வயதுள்ள, சரியான எடை கொண்ட 30 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். மூன்றே வாரம் மாவுச்சத்தை 20 கிராமுக்குள் வைத்தவர்களுக்கு எல்டிஎல் சராசரியாக 44 சதவீதம் கூடியது. வழக்கம்போல் சாப்பிட்டவர்களுக்கு 5. ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதைவிட அதிர்ச்சி: ஒருவருக்கு 5 சதவீதம், இன்னொருவருக்கு இரு மடங்குக்கும் மேல். பட்டர் டீ குடித்துக்கொண்டே டெஸ்டுக்குப் போகிறவர் நீங்கள் என்றால் உங்கள் 158க்குக் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். பேலியோக்காரர்கள் சாப்பிடும் நூறு பாதாம் மேல் பழி போடாதீர்கள், அது எல்டிஎல்லைக் குறைக்கிற பக்கம். ‘ஒரு வாரம் வெறும் தண்ணீர்’ யோசனையும் வேண்டாம். குண்டாக இல்லாதவர்களுக்கு நீண்ட பட்டினியில் எல்டிஎல் கூடத்தான் செய்கிறது.

பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை, ஜிம்மில் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு, கவனிக்காத தைராய்டு குறைவு, இவை இருந்தால் டயட் மட்டும் போதாது. தைராய்டுக்கான டிஎஸ்எச் டெஸ்ட் ஒருமுறை பாருங்கள். 190ஐத் தாண்டினாலோ, அப்பா அம்மா பக்கம் யாருக்காவது 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தாலோ, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். அண்ணன் தங்கையையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். இவை பரம்பரையாகவே எல்டிஎல் கூடும் கோளாறின் அடையாளமாக இருக்கலாம். அது ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு உண்டு, ஓட்ஸால் தீராது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் பாக்கெட்டில் இதயப் படம் போட்டு ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சடிப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. தாவர எண்ணெய் எதிலுமே சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் கிடையாது. பாமாயிலில்கூடக் கிடையாது, ஆனால் அதில் நிறைவுற்ற கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல், தேங்காய் எண்ணெயில் 80க்கும் மேல். பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு வரியைப் படியுங்கள். 100 கிராமுக்கு 20க்குள் இருந்தால் வாங்கலாம், அதுவும் ஆளுக்கு மாதம் முக்கால் லிட்டர்.